பாக்கெட்டில் கிடைத்தவை

மார்ச் 3, செவ்வாய்

தம்பியின் கோட்டுப் பாக்கெட்டில் மறுபடியும் ஒரு சின்ன பாட்டில். கால்வாசி மிச்சம் இருந்தது. தொட்டியில் கொட்டினேன், பாட்டிலைக் குப்பைக்கூடையின் அடியில் தள்ளினேன், கோட்டை மெஷினில் போட்டேன். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்றைக்குக் கேட்டேன், இன்றைக்குக் கேட்க?

எங்கள் சலவைக் கடையில் அப்பா காலத்துச் சட்டம் ஒன்று உண்டு. பாக்கெட் பார்க்காமல் துணி மெஷினுக்குப் போகக் கூடாது. கிடைத்தது எதுவானாலும் உறையில் போட்டு, மேலே எழுதி, அதே துணியில் ஊக்கு குத்தித் திருப்பிக் கொடுக்க வேண்டும். பல் குத்தும் குச்சியைக்கூடக் கொடுத்திருக்கிறேன். வாடிக்கைக்காரர் ஒருவருக்குப் பல்செட்டே கொடுத்தேன், மனுஷன் வாயைப் பொத்திக்கொண்டு வாங்கிப் போனார். தம்பியின் பாட்டில் மட்டும் ஒருநாளும் உறைக்குள் போனதில்லை. ஏன்? பயமா, பாசமா? ரெண்டும்தான் போல.

மார்ச் 5, வியாழன்

நானும் வீட்டுக்காரரும் குடியை நிறுத்த வழி சொல்கிற ஆலோசகர் அம்மாளைப் போய்ப் பார்த்தோம். சைக்கிள் கடைக்கு மேலே சின்ன அறை. எனக்குக் கிடைத்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஆடிக்கொண்டே அழுதேன்.

டாக்டர் ஜனவரியில் சொன்னதைச் சொன்னேன்: இப்படியே குடித்தால் இந்தக் கல்லீரல் அடுத்த வருஷத்தைப் பார்க்காது. தம்பிக்கு முப்பத்தெட்டுதான் ஆகிறது.

"திட்டாதீங்க, கெஞ்சாதீங்க. ஆளுக்கு ஒரு கடிதம் எழுதுங்க. நீங்க கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து அவர் முன்னாடி படிங்க. கடைசியில ஒரே கேள்வி. சிகிச்சைக்கு வர்றியா?" என்றார் ஆலோசகர்.

சிகிச்சை இல்லத்தில் பதினாறாம் தேதி திங்கட்கிழமை ஒரு படுக்கை காலியாகிறது. அதை விட்டால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும்.

"பாட்டிலையெல்லாம் யார் தூக்கிப் போடுறது?" என்று கேட்டார்.

"நான்தான்."

"அது காணாமப் போறது அவருக்குத் தெரியும். யார் எடுத்தாங்கன்னும் தெரியும். ரெண்டு பேரும் எத்தனை வருஷமா இப்படிக் கண்டுக்காம இருக்கீங்க?"

ஆறு வருஷம்.

மார்ச் 8, ஞாயிறு

அம்மா வீட்டில் ஒத்திகை. தம்பி சிநேகிதனோடு பந்தாட்டம் பார்க்கப் போயிருந்தான். அவனாக நடிக்க என் வீட்டுக்காரரைச் சோபாவில் உட்கார வைத்தோம். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்துகிற மனுஷன், வீட்டில் நாலு வார்த்தை பேசினால் அதிசயம். காலை நீட்டி, கண்ணைப் பாதி மூடி, "விடுக்கா, நாளையிலேர்ந்து சத்தியமா நிறுத்திடறேன்" என்றார். அச்சு அசல் அவனேதான்! அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை.

அம்மாவின் கடிதம் ஒரே வரி: "வேளாவேளைக்குச் சாப்பிடு." இன்னும் கொஞ்சம் எழுது என்றால், "பசிச்சாத்தான்டி அவனுக்குக் கோவம் வரும். முதல்ல சாப்பிட வெச்சிடலாமே" என்கிறாள்.

மார்ச் 10, செவ்வாய்

கடிதம் முடிந்தது. நாலு பக்கம். கவுண்டரிலேயே நின்று, டேக் எழுதுகிற பேனாவால் எழுதினேன். என் பாப்பாவின் நீச்சல் குளத்து விஷயத்தையும் எழுதிவிட்டேன். மடித்து ஏப்ரன் பாக்கெட்டில் வைத்தேன்.

மார்ச் 12, வியாழன்

கடிதத்தைக் காணோம். கைப்பை, மேசை, பில் புத்தகம் எல்லாம் கவிழ்த்துப் பார்த்தாயிற்று. பிறகுதான் உறைத்தது — ஏப்ரன்! நேற்று அழுக்கென்று கழற்றிப் போட்டேனே. இருபது வருஷமா ஊரார் பாக்கெட்டையெல்லாம் துழாவுற கை, சொந்தப் பாக்கெட்டைப் பாக்கல. என்னத்தைச் சொல்ல!

ஏப்ரன் துவைத்துத் தேய்த்து ஹேங்கரில் தொங்குகிறது. பாக்கெட் காலி. காகிதம் மெஷினுக்குள் போனால் எல்லாத் துணியிலும் வெள்ளைத் துகள் ஒட்டியிருக்கும். ஒரு துகள்கூட இல்லை. தம்பியும் கடையில் என்னோடுதான் வேலை, புதன்கிழமை மெஷின் அவன் பொறுப்பு.

"ஏப்ரன்ல ஏதாவது இருந்துச்சாடா?"

காலரைத் தேய்த்துக்கொண்டே, "என்ன இருக்கணும்?" என்றான்.

அதற்கு மேல் கேட்கத் தைரியம் வரவில்லை.

மார்ச் 13, வெள்ளி

இன்று முழுவதும் அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. நானும்தான்.

மார்ச் 14, சனி

மறுபடியும் எழுதினேன். இந்தத் தடவை இரண்டே பக்கம். நீச்சல் குளத்தை விட்டுவிட்டேன். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "அது எங்க?" என்றார்.

"வேண்டாங்க. அவன் மனசு ஒடிஞ்சுடும்."

"பாட்டிலைக் குப்பைக்கு அடியில தள்ற மாதிரிதானே இதுவும்?"

கோபத்தில் இரண்டு மணி நேரம் அவரோடு பேசவில்லை. அவர் கவனித்தாரா என்பதே சந்தேகம்.

தம்பியிடம், "அம்மா வீட்டு ஜன்னல் சரியா மூடல, நாளைக்குப் பத்து மணிக்கு வந்து பாரு" என்று சொல்லியாயிற்று. சரி என்றான்.

மார்ச் 15, ஞாயிறு

பத்து நிமிஷம் முன்னதாகவே வந்தான். முகம் சவரம் செய்து, தேய்த்த சட்டையோடு. கையில் ஸ்க்ரூ டிரைவர்கூட இல்லை. அம்மா பாவம், "ஜன்னலை எதை வெச்சுடா சரி பண்ணுவ?" என்றாள். அவன் நேராக, நாங்கள் அவனுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான்.

அம்மா அவள் ஒரு வரியைப் படித்தாள். வீட்டுக்காரர் படித்தார். நான் என் இரண்டு பக்கத்தையும் படித்து முடித்தேன்.

"அக்கா, இது அது இல்லையே."

சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்தான். எங்கள் கடை உறை. ஊக்கு அப்படியே இருந்தது. மேலே அவன் கையெழுத்து: "கிடைத்தது: கடிதம், நாலு பக்கம். அக்காவுடையது."

"புதன்கிழமையே ஏப்ரன்ல குத்தி வெச்சேன். அப்புறம் நானே கழட்டிட்டேன். திருப்பிக் குடுக்க மனசு வரல. இதைப் படி."

"நீதான் படிச்சிட்டியேடா."

"படிச்சேன். நீ சொல்லிக் கேக்கணும்."

படித்தேன். போன ஜூலையில் அவன் அழைத்து வர மறந்த சாயங்காலம். என் பாப்பா நீச்சல் குளத்து வாசற்படியில், ஈரத் துண்டோடு இரண்டு மணி நேரம். நான் ஓடிப் போனபோது அவள் சொன்னது: "மாமா வந்தாரும்மா. நான்தான் ஒளிஞ்சுக்கிட்டேன்." ஒன்பது வயசு. மாமாவுக்காகப் பொய் சொல்ல யாரிடம் கற்றுக்கொண்டாள்? என்னிடம்தான். இந்த இடத்தில் காகிதத்தை மடியில் வைத்துவிட்டேன். அவன் எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். நானும் முடிச்சேன், எப்படியோ முடிச்சேன்.

அந்த ஒரே கேள்வியைக் கேட்க எல்லோருமே மறந்துபோனோம். அத்தனை ஒத்திகை பார்த்து! அம்மா மட்டும் கேட்டாள், "சாப்பிட்டியாடா?"

அவன் தலையை ஆட்டினான். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும் மாமா? வழியில இறக்கி விடச் சொல்வேன். விட்றாதீங்க" என்றான்.

மார்ச் 16, திங்கள்

இரண்டு தடவை இறக்கிவிடச் சொன்னான். இரண்டாவது தடவை அழுதான். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தவில்லை. நான் அவன் கையை விடவில்லை.

ஏப்ரல் 11, சனி

முதல் சந்திப்பு. கன்னம் கொஞ்சம் நிரம்பியிருக்கிறது, கை இன்னும் நடுங்குகிறது. பாப்பாவிடம் தனியாக ஏதோ சொன்னான். என்னவென்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை.

அழுக்குத் துணி மூட்டையைக் கொடுத்தனுப்பினான். கடைக்கு வந்து கோட்டை எடுத்தேன். பாக்கெட்டுக்குள் கை விட முடியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். எது இருந்தாலும் இனி உறையில் போட்டு அவனிடமே கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். பாட்டிலாக இருந்தாலும்.

கை விட்டேன். உறை எடுத்தேன். "கிடைத்தது: மிட்டாய்த் தாள், மூன்று" என்று எழுதினேன். பாப்பா பேனாவைப் பிடுங்கி, கீழே ஒரு வரி சேர்த்தாள்: "மாமா, எனக்கு ஒண்ணுகூட வைக்கலையா?"

துவைத்துத் தேய்த்து, ஊக்கு குத்தி வைத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை அவனுக்குப் போகும்.