மூன்றாவது தொடுவானம்

ஜூன் 3, செவ்வாய்

நான்கு முறை ஏறி நான்கு முறை இறங்கினோம். நான்கும் தூணோடு.

கேப்டனுக்குத் தூண் என்று பெயர் வைத்தது நானல்ல. எனக்கு முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து நொந்துபோன யாரோ வைத்தது. பொருத்தமான பெயர். விறைப்பாக உட்காருவார், பேச மாட்டார், பேசினால் என்னைப் 'பாப்பா' என்பார். எனக்கு முப்பத்தாறு வயது. எட்டு வருடமாக வலது இருக்கையில் துணை விமானி. 27ஆம் தேதி கேப்டன் தேர்வு. தேறினால் இடது இருக்கை. இல்லையென்றால் இன்னும் ஒரு வருடம் பாப்பா.

இந்தப் பழைய விமானத்தில் ஒரு காகிதம் வைக்கக்கூட இடம் கிடையாது. வானிலைத் தாளை மடியில் வைத்திருந்தேன். "எனக்கும் தெரியணும் பாப்பா, அங்க சொருகு" என்றார். நடுக் கருவியின் சட்டத்தில் சொருகினேன். எல்லோரும் சொருகுகிற இடம்தான். 'தயவுசெய்து' என்ற சொல்லை அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஜூன் 5, வியாழன்

பேனா அழுத்தித் தாள் கிழிகிறது. பயத்தால் இல்லை. கோபத்தால்.

வரிசையாக எழுதிவிடுகிறேன், மறக்கும் முன்.

இன்றைய மூன்றாவது பயணம். முப்பத்தொரு பயணிகள். மேகத்துக்குள் ஏறிக்கொண்டிருந்தோம். ஓட்டியது அவர், கையால். வெளியே வெறும் வெள்ளை. அந்த நேரத்தில் வானம், தரை எல்லாம் எங்கள் முன்னால் இருக்கும் தொடுவானக் கருவிதான். மேல்பாதி நீலம், கீழ்ப்பாதி பழுப்பு, குறுக்கே விமானத்தின் சின்னம். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நடுவில் இருவருக்கும் பொதுவாகச் சின்னதாக ஒன்று. இரண்டும் முரண்பட்டால் மூன்றாவதைப் பார், எந்த இரண்டு ஒத்துப்போகிறதோ அதை நம்பு. முதல் வருடப் பாடம் இது.

என் கருவியில் விமானம் வலது பக்கம் சாய ஆரம்பித்தது. பத்து டிகிரி. இருபது. உடம்புக்கு ஒன்றுமே தெரியவில்லை. மெதுவாகச் சாய்ந்தால் காதுக்குள் இருக்கும் நீர் கண்டுகொள்ளாது. நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று முதுகு சத்தியம் செய்யும்.

"சார், வலது சாயுது."

"நேராத்தான் இருக்கு பாப்பா."

முப்பது. மூக்கு கீழே இறங்குகிறது, வேகம் ஏறுகிறது. அவர் மூக்கைத் தூக்க ஓட்டுக்கோலை இழுக்கிறார். சாய்ந்த விமானத்தை இழுத்தால் மூக்கு எழாது, சுழல்தான் இறுகும். இது இவருக்குத் தெரியாதா? இருபத்தாறு வருட அனுபவமாம்!

"சார்! சாயுது!" கத்தினேன். இழுத்துக்கொண்டே இருந்தார். நாற்பத்தைந்து.

"கன்ட்ரோல் என்கிட்ட" என்று சொல்லி என் பக்கத்துக் கோலைப் பிடித்துக்கொண்டேன். அவர் விடவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, இரண்டு பேரும் எதிரெதிராக இழுத்தோம். அப்புறம் விட்டார். விட்ட வேகத்தில் விமானம் துள்ளியது. முதலில் சாய்வை நிமிர்த்தி, பிறகு மூக்கைத் தூக்கினேன். பின்னால் ஓர் அலறல். பணிப்பெண் கீழே விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

மீதி ஐம்பது நிமிடமும் நான்தான் ஓட்டினேன். அவருடைய கருவி மெல்ல மெல்லத் தானாகவே நிமிர்ந்தது. தரையில் இறங்கும்போது மூன்று வயதுக் குழந்தை மாதிரி ஒன்றுமறியாமல் உட்கார்ந்திருந்தது.

ஜூன் 6, வெள்ளி

அறிக்கை எழுதிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கம். 'மூன்றாவது கருவியையும் சரிபார்த்த பின் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டேன்' என்று முடித்தேன். பயிற்சியில் நூறு முறை எழுதிய வாக்கியம், கை தானாக எழுதியது.

தூண் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார்: 'என் கருவி சரியாக இருந்தது. துணை விமானி பதற்றத்தில் குறுக்கிட்டார்.'

பதற்றமா? எனக்கா?

அக்கா பல் டாக்டர். "அந்த ஆளை என்கிட்ட அனுப்பு. மரத்துப்போற ஊசி போடாம ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிடறேன்" என்றாள். நேற்றிலிருந்து முதல் முறையாகச் சிரித்தேன்.

ஜூன் 9, திங்கள்

எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுகிறார்கள்.

மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார். குரல் பதிவில் கடைசி அரை மணி நேரம்தான் தங்குமாம். நாங்கள் கத்தியதெல்லாம் அழிந்துவிட்டது. பயணப் பதிவு இருந்தது. ஒரு நீளக் காகிதத்தை மேசையில் விரித்தார்.

"பாரும்மா. கோடு நேராப் போகுது. நீ கையை வெச்சதும்தான் இடது பக்கம் துள்ளுது. நேராப் போன விமானத்தை நீதான் சாய்ச்சிருக்க."

"சார், பதிவுப் பெட்டி சாய்வை எங்கேர்ந்து எடுக்குது?"

பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். "இடது கருவியிலேர்ந்து" என்றார் அவர்.

பொய் சொன்னவனையே சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்கள்! இதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக. "முதல்ல குரலைக் குறை" என்றார் மேலாளர். ஆண் விமானி கத்தினால் உறுதி. நான் கத்தினால் பதற்றம்.

அந்தக் காகிதத்திலேயே கீழே இன்னொரு கோடு இருந்தது. திசைக் கோடு. சாய்வுக் கோடு நேராகக் கிடக்கும்போதே விமானம் வலது பக்கம் அறுபது டிகிரி திரும்பியிருக்கிறது. சாயாமல் எப்படித் திரும்பும்? விரலை வைத்துக் காட்டினேன். "அதையெல்லாம் விசாரணை அதிகாரிகிட்ட சொல்லிக்கோ" என்றார்.

சொல்லத்தான் போகிறேன்.

ஜூன் 12, வியாழன்

விசாரணை அதிகாரி ஓர் அம்மா. மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்ப்பார். நான் திசைக் கோட்டைப் பற்றி வாயைத் திறப்பதற்குள், "பார்த்துட்டேன். வாங்க, பட்டறைக்குப் போகலாம்" என்றார்.

இடது கருவியைக் கழற்றி மேசையில் பொருத்தியிருந்தார்கள். மெக்கானிக் முகத்தில் சலிப்பு. "ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்தாச்சும்மா. நல்லாத்தான் இருக்கு."

"எவ்வளவு நேரம் ஓட்டினீங்க?" என்றேன்.

"புஸ்தகத்துல பத்து நிமிஷம்னு போட்டிருக்கு. பத்து நிமிஷம்."

"அன்னிக்கு அது காலையிலேர்ந்து ஓடிட்டு இருந்துச்சு. நீங்க பத்து நிமிஷத்துல அணைச்சுட்டு வந்து என் தலையில கட்டுறீங்க!"

"ஓட விடுங்க" என்றார் அதிகாரி. ஸ்டூல் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் உட்காரவில்லை. இருபது நிமிடம். முப்பது. மெக்கானிக் கொட்டாவி விட்டார். நாற்பத்து மூன்றாவது நிமிடம், மேசை ஆடாமல் அசையாமல் இருக்க, கண்ணாடிக்குள் நீலமும் பழுப்பும் மெல்ல ஒரு பக்கம் சரிந்தன. பழுதைக் காட்டும் சிவப்புப் பட்டைகூட எழவில்லை.

"அடப்பாவி, படுத்துட்டியே!" என்றார் மெக்கானிக், கருவியைப் பார்த்து. சூடேறினால் உள்ளே ஏதோ ஒட்டிக்கொள்கிறதாம்.

நான் சொன்னேன் இல்ல? சொன்னேன் இல்ல?

ஜூன் 13, வெள்ளி

தூணைப் பறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நன்றாக வேண்டும்.

ஜூன் 16, திங்கள்

மேலாளர் கை குலுக்கினார். "உன்னால முப்பத்தொரு பேரு பொழைச்சாங்கம்மா. 27ஆம் தேதி தேர்வெல்லாம் உனக்குச் சும்மா பேருக்குத்தான்." போன வாரம் இதே வாய்தான். கையை உதறிவிட்டு வரத் தோன்றியது. குலுக்கிவிட்டு வந்தேன்.

ஜூன் 18, புதன்

பணிப்பெண்ணைப் பார்க்க அவள் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையோடு கதவைத் திறந்தாள். இடது கையால் எனக்குத் தேநீர் ஊற்றினாள், பாதி தட்டில். இரண்டு பேரும் சிரித்தோம்.

"எனக்கு உங்க மேல கோவமே இல்ல மேடம். உயிரோட இருக்கோமே" என்றாள். பிறகு, சும்மா பேச்சுவாக்கில்: "அன்னிக்கு உங்களுக்குத் தேநீர் கொண்டு வந்தப்ப அந்தக் குட்டி வட்டத்து மேல தாளைச் சொருகிட்டு இருந்தீங்க. அங்க மழையான்னு கேட்டேன். நீங்க தாளைத் தட்டிக் காட்டி, குடை வேணும்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. அவள் சொன்ன பிறகு இருக்கிறது.

ஜூன் 19, வியாழன்

நான் மூன்றாவது கருவியைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கவே முடியாது. அதன் முகத்தை நானே மூடி வைத்திருந்தேன்.

என்னுடையது சரி, அவருடையது தப்பு என்று எப்படி முடிவு செய்தேன்? எதை வைத்து? அவர் என்னைப் பாப்பா என்றதை வைத்தா? கெட்டுப்போனது என் கருவியாக இருந்திருந்தால்? நேராகப் போன விமானத்தை நானே கவிழ்த்திருப்பேன், இதே ஆத்திரத்தோடு, இதே கத்தலோடு. முப்பத்தொரு பேரோடு.

சரியாகத்தான் செய்தேன். ஆனால் சரியென்று தெரிந்து செய்யவில்லை. அதற்கு மேல் ஒரு பொய்யை எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

த்தூ.

ஜூன் 20, வெள்ளி

அக்காவிடம் சொன்னேன்.

"சரி. இது யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"தவளையும் தன் வாயால கெடும்னு சொல்லுவாங்க. கேள்விப்பட்டிருக்கியா? ஜெயிச்சுட்ட. ஒரு வாரம் வாயை மூடிட்டு இரு. தேர்வு முடியட்டும்."

"நாளைக்கு வேற ஒருத்தி அதே இடத்துல தாளைச் சொருகுவாக்கா."

"சொருகட்டும்! அதுக்கு நீ ஏன் தலையைக் குடுக்கணும்? எட்டு வருஷம்டி!"

கத்திக்கொண்டோம். தட்டை டம்மென்று வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் கோபம் எனக்காக. என் கோபம் யாருக்காக என்று இன்று தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

அதிகாரியிடம் போய்ச் சொன்னேன். புதிதாக எழுதிக் கொடுத்தேன். நான்கு வரிதான்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதனால உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?"

"தெரியும்."

"பழைய அறிக்கையில பொய் எழுதினீங்களே, தெரிஞ்சே எழுதினீங்களா?"

"தெரிஞ்சு எழுதல. ஆனா எழுதினேன்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். காகிதத்தைக் கோப்பில் வைத்து மூடினார், அவ்வளவுதான்.

ஜூன் 24, செவ்வாய்

சீருடையை ஒப்படைக்கப் போனேன். விசாரணை முடியும்வரை எனக்கும் பறக்கத் தடை. வண்டி நிறுத்தத்தில் தூண் நின்றிருந்தார், சாதாரணச் சட்டையில். அந்தச் சட்டையில் ஆள் பாதியாகத் தெரிந்தார்.

"தாள் விஷயத்தை எழுதிக் குடுத்தியாமே."

"ஆமா."

என் காரின் சக்கரத்தைப் பார்த்தபடி சொன்னார்: "நீ ரெண்டாவது தடவை கத்தினப்ப நான் நடுவுல பார்த்தேன். தாள் இருந்துச்சு. எடுக்கணும்னு தோணுச்சு. எடுக்கல."

"அப்ப ஏன் சார் விசாரணையில சொல்லல? சொல்லியிருந்தா அன்னிக்கே என் கதை முடிஞ்சிருக்குமே!"

"அங்க சொருகுன்னு பழக்கினதே நான்தானே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு நாள் நான் வெறுத்த இந்த மனிதர், அந்த நொடியில், நான் பார்க்காத இடத்தைத் திரும்பிப் பார்த்திருக்கிறார். பார்த்துவிட்டு, கை நீட்டி ஒரு காகிதத்தை எடுக்காமல், தன் கருவியையே நம்பியிருக்கிறார். "பதற்றம்னு எழுதினீங்களே!" என்றேன்.

"எழுதினேன்" என்றார். "மாத்தி எழுதிக் குடுத்துட்டுத்தான் வர்றேன்."

மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 27, வெள்ளி

தேர்வு நாள். வீட்டில் இருந்தேன். அக்கா மருத்துவமனைக்கு லீவு போட்டுவிட்டு, அதற்கு வேறு காரணம் சொன்னாள்.

ஜூலை 21, திங்கள்

தீர்ப்பு. எனக்கு எழுத்தில் ஒரு கண்டனம், தேர்வு அடுத்த ஜூனில். அவருக்கு ஒரு மாத மறுபயிற்சி. சூடேறும்வரை கருவியை ஓட்டிப் பார்க்கப் புத்தகத்தைத் திருத்துகிறார்களாம். எல்லா விமானத்திலும் பக்க ஜன்னலுக்குக் கீழே தாள் வைக்க ஒரு கிளிப். ஒரு கிளிப்! எட்டு வருடமாகக் கேட்காமல் இருந்தோமே, நாங்களும்தான்.

செப்டம்பர் 8, திங்கள்

பணிப்பட்டியலில் இன்று தூணோடு போட்டிருந்தார்கள். மாற்றித் தரச் சொல்லிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இயந்திரத்தை முடுக்குவதற்கு முன் வானிலைத் தாளை அவரிடம் நீட்டினேன். பழக்க தோஷம், அவர் கை நேராக நடுக் கருவிக்குப் போனது. பாதி வழியில் நின்றது. இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்தோம். பிறகு தாளைக் கிளிப்பில் மாட்டினார்.

"உன்னோடது?"

"நேர்."

"நடு?"

குனிந்து, கண்ணாடியில் என் மூச்சு படும் அளவுக்குக் கிட்டே பார்த்தேன். "நேர்."

"என்னோடதும் நேர்" என்றார். ஒரு நொடி விட்டு, "இப்போதைக்கு" என்றார்.

மேகத்துக்குள் ஏறினோம். பாப்பா என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. அவர் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் "நடு?" என்று கேட்டார், நான் பார்த்துவிட்டுச் சொன்னேன்.