உங்கள் அளவில் ஒரு கவசம்

ஆம்பூர்,
7-12-1969.

என் அன்புக்குரிய மாமாவுக்கு, பூரணி எழுதிக்கொள்வது. நானும் அத்தையும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி இப்போது கொஞ்சம் கம்மி. பம்பாயில் நீங்கள் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருந்தால் எங்களுக்கு அதுவே போதும்.

நாடகம் நல்லபடியாக நடந்து முடிந்தது. அதை முழுக்க எழுதவே உட்கார்ந்தேன்.

ஆவணியில் நீங்கள் லீவில் வந்திருந்தபோது உங்கள் தோஸ்த் வாஹித் பாஷா அண்ணன் வந்து சொன்னாரே, சந்திரனிலேயே ஆள் இறங்கிவிட்டான், நம் தொழிலாளர் மன்றம் இன்னும் ராஜா வேஷம் கட்டிக்கொண்டிருக்கிறது, இந்த வருடம் வேற்றுக் கிரகத்து ஆளை மேடையேற்ற வேண்டும் என்று. படகுப் பட்டறையில் கற்ற வேலையை ஊருக்குக் காட்டலாம் என்று நீங்களும் மெட்ராஸ் போய் ரெசினும் கண்ணாடி நார்த் துணியும் வாங்கி வந்தீர்கள். கவசத்துக்கு அச்சு எடுக்கச் சட்டையைக் கழற்றிவிட்டு நீங்கள் நிற்க, உங்கள் மார்பிலும் முதுகிலும் எண்ணெய் தடவி பிளாஸ்டர் துணியை நான்தான் ஒட்டினேன். காயும்வரை சிரிக்கக் கூடாது என்று சொன்ன நீங்களே முதலில் சிரித்தீர்கள். அச்சு நன்றாகக் காய்வதற்குள் பட்டறையிலிருந்து தந்தி வந்துவிட்டது. கவசத்தைப் போட்டுக்கொள்ள மன்ற விழாவுக்கு வருகிறேன் என்று சொல்லிப் போனீர்கள். ஐப்பசியில், வர முடியாது என்று எழுதினீர்கள். குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைக் கேட்டதும் வாஹித் அண்ணன், "வுடு தங்கச்சி, கோவிந்து இல்லாம இது ஆவாது. அட்டையில செஞ்சுக்கலாம்" என்றார். அச்சைத் தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை. நானே செய்து பார்க்கிறேன் என்றேன். முதல் கலவையில் ஹார்ட்னரை ஜாஸ்தியாக ஊற்றிவிட்டேன். அது பாத்திரத்திலேயே புகைந்து கல்லாகிவிட்டது. "வூட்டக் கொளுத்திடாதடி" என்று அத்தை சத்தம் போட்டார். பிறகு தெருவாசலுக்குக் கொண்டுபோய், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, நீங்கள் சொல்லிக் காட்டியபடி அச்சுக்குள் துணியை அடுக்கி அடுக்கி ஒட்டினேன். கண்ணாடி நார் பட்டுக் கையெல்லாம் அரித்தது. இரண்டு நாள் தூக்கமில்லை. தினமும் இந்தப் புகையிலும் அரிப்பிலும்தான் நீங்கள் நிற்கிறீர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. ஒரு கடிதத்திலும் நீங்கள் இதை எழுதியதில்லை.

அச்சை மெல்லத் தட்டி உடைத்தபோது உள்ளிருந்து உங்கள் மார்பு வந்தது. வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சைக்கிளிலிருந்து விழுந்து முறிந்து ஒட்டிய காரை எலும்பின் மேடுகூட அப்படியே இருந்தது. அண்ணன் உப்புத்தாளை எடுத்துக்கொண்டு, "இந்த மேடு ஜாஸ்தி தெரியுதே, தேச்சுடலாமா?" என்றார். மற்ற இடமெல்லாம் தேய்க்கக் கொடுத்தேன். அந்த இடத்தில் மட்டும் கை வைக்க விடவில்லை.

தலைக்கவசத்தை ஒரு மண்பானை மேல் ஒட்டி, பானையை உடைத்து எடுத்தோம். டேனரியில் தோலுக்குச் சாயம் அடிக்கும் ஸ்ப்ரே துப்பாக்கியை அண்ணன் கேட்டு வாங்கி வந்தார். முதலில் கறுப்பு அடித்து, அது காய்ந்ததும் மேலே வெள்ளி அடித்தார். தோள் ஓரத்தில் நான் நீலம் தீட்டினேன். வெயிலில் வைத்தபோது தெருவே வந்து பார்த்தது.

போட்டுக்கொண்டவர் ஜம்புலிங்கம், தோல் ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை பார்ப்பவர். ஒல்லி உடம்பு, உள்ளே ஆட்டு ரோமம் அடைத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. மேடையில் விளக்கு பட்டதும் கூட்டம் அப்படியே அடங்கியது. நடை அவருடைய நடைதான், காலை அகட்டி அகட்டி; அதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது. ஆனால் அவர் என் பக்கம் திரும்பியபோது அது நீங்கள். அண்ணன் மனைவி ஜஹீதா பக்கத்தில் இருந்தாள். "இன்னா பூரணி, எல்லாரும் சிரிக்கிறாங்க, நீ அழுவுற" என்றாள். விளக்கு வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்றேன்.

நாடகம் முடிந்ததும், அண்ணன் வேலை செய்யும் டேனரியின் முதலாளி நயீம் அகமது சாயபு உள்ளே வந்து கவசத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார். "ஆசிட் தண்ணி ஊத்துனா இது தாங்குமா?" என்று கேட்டார். அவருடைய இரும்புத் தொட்டிகள் துருப்பிடித்து ஓட்டையாகின்றனவாம். எனக்குத் தெரியாது, என் வீட்டுக்காரருக்குத் தெரியும் என்றேன். மீதியிருந்த ரெசினில் ஒரு சின்னத் தொட்டி செய்து கொடுத்தேன். அவர்கள் ஊற்றி வைத்துப் பார்க்கிறார்கள். இதுவரை கசியவில்லை. "வூட்டுக்காரர வரச் சொல்லும்மா, பெருசா ஒண்ணு செஞ்சு பாக்கலாம்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நிரந்தர வேலை என்று அவர் சொல்லவில்லை. சொன்னதாக நானும் எழுதமாட்டேன்.

குவைத் படகுப் பட்டறைக்கு மூன்று வருடம் போகக் கையெழுத்துப் போடட்டுமா என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். அத்தை, "போய்ட்டு வரட்டும், எல்லாரும் போவல?" என்கிறார். நல்ல வேலைதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போங்கள் என்று எழுதவும் கை வரவில்லை. இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

கவசத்தை மன்றத்து அறையில் வைக்கக் கேட்டார்கள். தரவில்லை. நம் அறையில்தான் இருக்கிறது. அத்தை அதன் மேல் துணி போட்டு மூடுகிறார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் எடுத்துவிடுகிறேன்.

மாமா, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை வந்து போங்கள். சாயபுவிடம் பேசுங்கள், தொட்டியைப் பாருங்கள். அதற்கப்புறமும் குவைத்துதான் என்றால் உங்கள் பெட்டியை நானே அடுக்கித் தருகிறேன், முகம் சுளிக்கமாட்டேன். பம்பாயிலிருந்தே கப்பல் ஏறிவிட வேண்டாம். ஆம்பூர் வண்டிக்கு மாற, எந்த வண்டியில் அரக்கோணம் வந்து இறங்குவீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆம்பூரில் காத்திருக்க என்னால் ஆகாது. நான் தனியாக ரயில் ஏறியதில்லை. ஏறி அரக்கோணத்துக்கே வந்துவிடுவேன்.

பள்ளிகொண்டா பெருமாள் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

உங்கள்
பூரணி