ஒரு பக்கம் முடுக்காத தகடு

குரானிபே,
ஏப்ரல் 9

அன்பு மகள் மார்லெனுக்கு,

நானும் அப்பாவும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு நடக்கிறது. நீ அந்தப் பின்லாந்துப் பனியில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறார், அதனால்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் நிலநடுக்கம் வந்ததைச் செய்தியில் பார்த்திருப்பாய். நான் அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தேன், இரண்டு தட்டு உடைந்தது, அவ்வளவுதான். நீ திட்டம் வரைந்து கொடுத்த நம்மூர்ப் பாலத்துக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் நடைபாதையில், பாலத்துக்கும் கரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மூடியிருந்த இரும்புத் தகடு கூரை மாதிரி மடங்கி எழும்பிவிட்டது, ஓரத்து சிமெண்டும் பெயர்ந்துவிட்டது. அது உன் அப்பா செய்த வேலை. அந்தத் தகட்டில் ஒரு பக்கம் மட்டும்தானே போல்ட், யார் மிதித்தாலும் டக்கென்று சத்தம் போடும். எதிர்வீட்டு ஒர்தென்சியா அவரைப் பார்க்கும்போதெல்லாம், "உங்க மகளுக்கு அந்தப் பக்கம் போல்ட் வாங்கக் காசு பத்தலையா?" என்று நோண்டிக்கொண்டே இருந்தாள். உன் பேர் கெடக்கூடாதென்று மனிதர் ஒரு மத்தியானம் டிரில்லிங் மெஷினோடு போய் மறுபக்கத்தையும் முடுக்கிவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அப்போது தெரியாது, சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தது மட்டும் தெரியும்.

நடுக்கத்துக்குப் பிறகு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மகளின் பாலம் உடைந்துவிட்டது, அவளை என்ன சொல்வார்களோ என்று அதே பேச்சு. பிறகு பாலத்தைச் சோதிக்க ஒரு இன்ஜினியர் பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். பாலம் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, நிலம் ஆடும்போது அது நகர்ந்து கொடுத்துத் திரும்பி வர இடம் வேண்டும், தகடும் கூடவே வழுக்க வேண்டும், இரண்டு பக்கமும் பூட்டினால் எப்படி என்று கேட்டாள். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "எந்த மடையன் பூட்டினானோ" என்றார். யாரென்று தெரியவில்லை, ஆனால் கைதேர்ந்தவன், அத்தனை போல்ட்டும் நேராக இருக்கிறது என்றாள் அவள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து பீன்ஸ் சூப்பை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். துவைக்க எடுத்த கோட்டில் மீந்த போல்ட் இரண்டு கிடந்தது, நான் எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டேன். நீயும் போனில் தகட்டைப் பற்றி வாயைத் திறக்காதே.

இப்போது புதுத் தகடு போட்டாகிவிட்டது, ஒரு பக்கம் மட்டும்தான் போல்ட். ஒர்தென்சியா மறுபடி ஆரம்பித்தாள், "அது ஆடுறதுக்குன்னே வெச்சது, என் மக கணக்குப் போட்டு வெச்சது, உனக்கென்ன தெரியும்" என்று இவர் ஒரே போடாகப் போட்டார்.

வேளைக்குச் சாப்பிடு, இரும்பு மாத்திரையை விட்டுவிடாதே. மாதா உன் கூடவே இருக்கட்டும். தகடு சத்தம் போட்டால் அப்பா டிவியைக் குறைக்கிறார். மிதித்தது ஒர்தென்சியாதான் என்கிறேன். தெரியும் என்கிறார், இருந்தாலும் ஜன்னல் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். பஸ்ஸை விட்டு இறங்கினால் நீ அந்தத் தகட்டை மிதித்துத்தானே வீட்டுக்கு வர வேண்டும். டிசம்பரில் லீவு கேட்டுப் பார், எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

உன் அம்மா,
எடெல்மிரா