எல்சம்மாவுக்கு நான் திறந்த கண்

என் அருமை ஜெர்மன் மாப்பிள்ளை கார்ல் துரைக்கு,

மேலுலகத்தில் இந்நேரம் தேவதூதர்களை வரிசையாக உட்காரவைத்துக் களிமண் பிசையக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். நெஞ்சு புடைத்த வீரர்களைத்தான் செதுக்க வேண்டும் என்று உங்கள் ஊரில் சொன்னார்களாம். உளியைச் சுருட்டிக்கொண்டு கப்பலேறினீர்கள். திண்டிவனத்துப் பள்ளிக்கூடத்துக்கு டிராயிங் மாஸ்டரானீர்கள். மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கிய பிள்ளைகள் களிமண்ணில் ஒரு காது செய்து உங்களைத் திருப்திப்படுத்த மூன்று யுகம் ஆயிற்று.

உங்கள் மகள் மார்த்தாவுக்குக் காது குத்த நான் மடி கொடுத்தேன். அன்று முதல் உங்கள் வீட்டுக்காரி எல்சம்மா எனக்குத் தங்கை, நான் உங்கள் மச்சான். விழுப்புரம் வரைக்கும் எனக்குச் சமமாக ஒரு ராஜா உண்டா என்று நடந்தேன். இப்போது தலை நிமிரவில்லை, மாப்பிள்ளை.

எல்சம்மா டைபாய்டில் போனபின் அவள் முகத்தை மாக்கல்லில் செதுக்கினீர்கள். கன்னத்துக் குழிகூட அவளேதான். கண்ணில் மட்டும் கருமணி இல்லை; வழவழவென்ற கல். அதற்குள் வெள்ளைக்காரனுக்கும் உங்கள் நாட்டுக்கும் சண்டை வந்தது. எதிரி நாட்டுக்காரர் என்று உங்களை விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலேற்றினார்கள். முகாமிலிருந்து சாவுச் செய்திதான் வந்தது. சிலை என் வீட்டில் நின்றது.

எங்கள் ஐயனாருக்கு எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் கண் திறப்போம். என் வீட்டுக்காரி கேட்டாள்:

"ஏங்க, தொரைதான் போயிட்டாரு. அந்தம்மா கண்ணு தொறக்காமலே நிக்குது. பாக்கவே பேஜாரா கீது."

"நான் தொறக்கிறேன். பிரம்மாவுக்கே உளி புடிக்கக் கத்துக்குடுத்தவன்டி நான்!"

"நீங்க செவுத்துல அடிச்ச ஆணியே கோணலாத்தான் கீது."

குளித்து, கற்பூரம் ஏற்றி, உங்கள் உளியாலேயே திறந்தேன். ஒரு கண் விழுப்புரத்தையும் மறு கண் பாண்டிச்சேரியையும் பார்த்தது. "உசுரு வந்துடுச்சி!" என்று தெருவே கைதட்டியது. நானும் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

போன வாரம் உங்கள் பழைய மாணவன் வந்தான். பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா மாமா பண்ணிட்டீங்க? சார் முடிச்ச செலை இது. கண்மணி வெச்சா ஒரு பக்கம்தான் பாக்கும், வெக்காட்டி எங்க நின்னாலும் நம்மளயே பாக்கும்னு சொல்லுவாரே!"

முடித்ததையா முடிக்காதது என்று நினைத்தேன்?

ஞாயிற்றுக்கிழமை மார்த்தா வருகிறாள், பெங்களூர் ஹாஸ்டலிலிருந்து. அம்மாவின் முகம் அவளுக்கு நினைவில்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது. இந்தக் கல் ஒன்றுதான். அவளை எந்தப் பக்கம் நிற்கச் சொல்வேன்? நேற்று அறை முழுக்க நகர்ந்து பார்த்தேன். நாற்காலியில் ஏறினேன், தரையில் படுத்தேன். எங்கே போனாலும் எல்சம்மா என்னைப் பார்க்கவில்லை.

சுண்ணாம்பு வைத்து அடைத்துவிடலாம் என்கிறாள் வீட்டுக்காரி. இனி அந்த முகத்தில் கை வைக்க மாட்டேன். போலீஸ்காரன் இடித்துவிட்டான், இடி விழுந்தது என்று ஆயிரம் கதை நாக்கு நுனியில் நிற்கிறது. ஒன்றையும் சொல்ல மாட்டேன். "அம்மாடி, உங்கப்பா செஞ்சத மாமன்தான் கெடுத்துட்டேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறப்பேன். அவள் மட்டும் உள்ளே போகட்டும். கூப்பிடும்வரை நான் வெளியே நிற்பேன்.

இப்படிக்கு,
கூப்பிடுவாளோ மாட்டாளோ என்று நிற்கப்போகும் தாய்மாமன்,
உங்கள் மச்சான் வேணு