ஆடி முடியும் வரைக்கும் ஒரு கயிறு

ஜூன் 9, திங்கள்

மாத்திரை போட ஆரம்பித்து இன்றோடு பதினெட்டு நாள். காலையில் இட்லி நான்கு, மாத்திரை ஒன்று. விழுங்கி முடிக்கிற வரைக்கும் கல்பனா தண்ணீர்ச் சொம்போடு எதிரில் நிற்கிறாள். கல்யாணமான புதிதில்கூட இவள் என் முகத்தை இத்தனை நேரம் பார்த்ததில்லை என்றேன். "அப்பவே பாத்திருந்தா இப்ப மாத்திரை செலவு மிச்சம்" என்றாள். மாத்திரை இலவசம்தான்.

தினமும் எழுதச் சொன்னது ஷாரோன். காஞ்சிபுரம் பெரிய ஆஸ்பத்திரியில் எங்களை மாதிரி ஆட்களுக்கு ஆலோசனை சொல்கிற பெண். "எதுனா எழுதுங்கண்ணா, யாரும் மார்க் போடப் போறதில்ல" என்றாள். மாத்திரை பெயர் நால்ட்ரெக்சோன். ரத்தம் எடுத்து, கல்லீரல் தாங்குமா என்று பார்த்த பிறகுதான் கொடுத்தார்கள். குடித்தால் வாந்தி வரவைக்கிற ரகம் இல்லையாம். குடிக்கவேண்டும் என்கிற பறப்பை அடக்கும். மீறிக் குடித்தாலும் பழைய சுகம் கிடைக்காது. திட்டாமல் அடிக்காமல் சுகத்தை மட்டும் பிடுங்கிக்கொள்கிறது. கல்பனாவுக்கு அதை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஊருக்கு இது தெரியாது. 'மனநலப் பிரிவு' என்று போர்டு போட்ட அறையில் வாங்குகிற மாத்திரை. தெரிந்தால், மோட்டார் மெக்கானிக் மோகன்குமாருக்கு மூளை கழன்றுவிட்டது என்று உத்திரமேரூர் பூராவும் பேசுவார்கள். அதனால் முனீஸ்வரன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். எங்கள் பக்கம் குடியை நிறுத்துகிறவன் சாமி முன்னால் இத்தனை நாள் என்று கெடு வைத்துப் பூசாரி கையால் கயிறு கட்டிக்கொள்வான். கெடு முடிகிற வரை எவனும் அவனைக் குடிக்கக் கூப்பிட மாட்டான். என் கயிறு பஸ் ஸ்டாண்டுக் கடையில் பத்து ரூபாய். முடிச்சு நானே பல்லால் கடித்துப் போட்டது.

எதுவரைக்கும் கட்டியிருக்கிறாய் என்று கேட்டார்கள். ஆடி முடிகிற வரைக்கும் என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

ஜூன் 15

தூக்கம் வருகிறது. தானாக.

ஜூன் 22, ஞாயிறு

தாண்டவராயன் கழனியில் போர் மோட்டார் காயில் போய்விட்டது. நானும் உதவிக்கு வருகிற அருள்தாஸும் பைப்பைக் கழற்றி மோட்டாரை மேலே தூக்கினோம். மோட்டார் மேலே வந்தால் நிலத்துக்காரர் கூலிக்கு மேல் ஒரு குவார்ட்டர் தருவது இந்தத் தொழிலில் வழக்கம். நீட்டினார். மணிக்கட்டைக் காட்டினேன். பாம்பைத் தொட்டவர் மாதிரி கையை இழுத்துக்கொண்டு, "சாமி சமாச்சாரம் நமக்கு இன்னாத்துக்கு" என்றார். என் பங்கும் சேர்ந்து அருள்தாஸுக்குப் போனது. பத்து ரூபாய்க்கு இவ்வளவு மரியாதை வேறு எதில் கிடைக்கும்?

ஜூலை 6, ஞாயிறு

தங்கை பரிமளா சாலவாக்கத்திலிருந்து வந்தாள். மகள் தன்ஷிகாவுக்கு ஆவணி பன்னிரண்டு, வியாழக்கிழமை, குலதெய்வம் கோயிலில் மொட்டை அடித்துக் காது குத்துகிறார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தானே இரண்டும் செய்வார்கள், நான்தானே ஒரே மாமன்.

அவள் காபியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "மடிக்கு நம்ம சித்தப்பா மவன் விஜயைச் சொல்லிக்கிறேண்ணா. தப்பா நெனைச்சிக்காத."

ஏன் என்று எனக்கே தெரியும். போன வருஷம் இவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குச் சீர்த்தட்டோடு போய், வாசற்படியிலேயே குப்புற விழுந்தவன் நான். மாம்பழங்கள் மாட்டுக்கொட்டகை வரைக்கும் உருண்டன. கோலத்துக்கு மேல் கிடந்துகொண்டு, "யாரும் தூக்காதீங்க, நல்லா கீது" என்று சொன்னேனாம்.

"கயிறு கட்டியிருக்கறேனே" என்றேன்.

"ஆடி முடிஞ்சா உன் கயிறும் முடிஞ்சிது. அப்புறம் பன்னெண்டு நாள் கீது. கெடு முடிஞ்சவன் எப்பிடிக் குடிப்பான்னு எனக்குத் தெரியாதா? கொழந்தை தலைல கத்தி வைப்பாங்கண்ணா. உன் கை நடுங்குச்சின்னா?"

ஆடியில் யாரும் விசேஷம் வைக்க மாட்டார்கள், எல்லாம் ஆவணியில்தான் வரும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கெடு சொல்லும்போது எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 20

"உண்மையைச் சொல்லித் தொலையேன்" என்கிறாள் கல்பனா. சொன்னால் இன்னும் மோசம். குடிகார மாமனாவது விழுந்தால் எழுந்துவிடுவான். பைத்தியக்கார மாமன் மடியில் யார் பிள்ளையை வைப்பார்கள்?

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

போச்சு. எல்லாம் போச்சு.

பரிமளா முனீஸ்வரனுக்குப் பொங்கல் வைக்க வந்திருக்கிறாள். எனக்காகத்தான். அண்ணன் கெடுவை ஆவணி முடிகிற வரைக்கும் நீட்டித்து வேறு கயிறு கட்டுங்கள் என்று பூசாரியிடம் கேட்டிருக்கிறாள். பூசாரி பெயர் சின்னப்பையன், வயது எழுபத்திரண்டு. ஞாபகமோ கல்வெட்டு. "உங்கண்ணனா? அவன் கைக்கு நான் கயிறே கட்டலியேம்மா" என்றுவிட்டார்.

நேராக வீட்டுக்கு வந்தாள். உள்ளேகூட வரவில்லை. "சாமி பேர்ல பொய் சொல்லிக்கினு திரிஞ்சவன், குடிக்கலன்னு சொன்னா மட்டும் மெய்யா?" கல்பனா வாயைத் திறந்தாள். நான் கண்ணால் அடக்கினேன். ஏன் அடக்கினேன்? அந்தப் போர்டு மேல அவ்ளோ பயமாடா உனக்கு? தங்கச்சி அழுதுக்கினே போறா, கல்லு மாதிரி நிக்கறே. தூ!

ஆகஸ்ட் 4

சாயங்காலம் மதுக்கடைக்கு எதிரில் வண்டியை நிறுத்தினேன். கால்மணி நேரம். ஆசை என்று சொல்ல முடியாது. குடிக்காமலே குடிகாரன் என்று பெயர் வாங்குகிறதுக்குக் குடித்தே வாங்கலாமே என்று ஒரு ஆத்திரம். உள்ளேயோ மாத்திரை இருக்கிறது. ஏறாத சரக்குக்கு எதற்கு வரிசையில் நிற்பது என்று திரும்பிவிட்டேன். ஆசைக்கு மாத்திரை தருகிறார்கள், அவமானத்துக்கு ஏன் தரவில்லை? ஷாரோனைக் கேட்கவேண்டும்.

கல்பனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "எத்தினி நாளைக்கு நான் ஒருத்தியே காவல் காக்கறது? எனக்கும் ஆள் வேணாவா?" என்றாள். திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

டவுன் பஸ் பிடித்துச் சாலவாக்கம் போனேன். மாத்திரை அட்டை, ஆஸ்பத்திரி சீட்டு, ரத்தப் பரிசோதனைக் காகிதம், எல்லாவற்றையும் பரிமளா முன்னால் வைத்தேன். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"மனநலம்னு போட்டுகீது?"

"ஆமா."

"உனக்குப் பைத்தியமாண்ணா?"

"இல்லமே. குடியை என்னால தனியா உட முடியல. அது ஒரு நோவாம். அதுக்கு மருந்து. எழுபத்தஞ்சு நாளா ஒரு சொட்டு தொடல." சொல்லும்போதே அழுதேன். மறைக்கவில்லை.

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மாமியாருக்குச் சக்கரை மாத்திரை, மாமனாருக்குப் பிரஷர் மாத்திரை. இந்த வூட்ல ஒரு நாளைக்கு ஏழு மாத்திரை நான்தான் எடுத்துக் குடுக்கறேன். உன்னுதையும் சேத்தா எட்டு. இதுக்குப் போயா சாமியைப் பொய்ச்சாட்சிக்கு இழுத்த? அறிவு கீதா உனக்கு?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். மடி விஷயத்தை நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "நாளைக்குப் போய் பூசாரி கால்ல உழு" என்றாள்.

ஆகஸ்ட் 6

விழுந்தேன். தேங்காயும் உடைத்தேன். பூசாரி கயிற்றை அரிவாளால் அறுத்துப் போட்டார். "நான் கட்டி உட்டவன்லாம் பாதியில அறுத்துக்கினு ஓடறான். நான் கட்டாத கயித்துக்கு நீ நின்னுகீற. இன்னா ஆளுடா நீ!" மாத்திரையைப் பற்றிச் சொன்னேன். முட்டி வலிக்கும் அங்கே மருந்து தருவார்களா என்று கேட்டார்.

ஆகஸ்ட் 9

தினமும் காலை எட்டு மணிக்குப் பரிமளாவின் வீடியோ கால். "வாயைத் தொற. நாக்கைத் தூக்கு." போலீஸில் சேர்த்திருக்கவேண்டியவளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம்.

ஆகஸ்ட் 17, ஆவணி ஒன்று

டீக்கடையில் அருள்தாஸ், "மோகன்ணா, ஆவணி பொறந்துச்சி" என்று கண்ணடித்தான். வெறும் மணிக்கட்டை நாலு பேர் பார்த்தார்கள். சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்து, இதனால்தான் குடிக்கவில்லை, இனியும் குடிக்கப்போவதில்லை என்றேன்.

"மெண்டல் டாக்டராண்ட போறியா?"

"ஆமாண்டா. குடிச்சிக்கினு இருந்தப்ப மெண்டலா இருந்தேன். இப்பதான் பாத்துக்கினு கீறேன்."

சிரித்தார்கள். டீ ஆறிவிட்டது. காசு யாரோ கொடுத்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 28, வியாழன்

சீர்த்தட்டைக் கல்பனா என் கையில் தரவில்லை; அவளே தூக்கிவந்தாள். கோயில் வாசலில் பலகை போட்டிருந்தார்கள். விஜய் பட்டு வேட்டியில் பக்கத்தில் தயாராக நின்றான். நான் கூட்டத்துக்குப் பின்னால், செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றேன். மொட்டை அடிக்க வந்தவர் கத்தியைக் கழுவிவிட்டு, "தாய்மாமன் வந்து குந்துப்பா" என்று கூப்பிட்டார். விஜய் பரிமளாவைப் பார்த்தான். பரிமளா கூட்டத்தைப் பார்த்தாள்.

"எங்கண்ணன் எங்க? யோவ், வழி உடுங்க. அண்ணா, அங்க இன்னா செருப்புக்குக் காவலா? வா!"

எப்படி நடந்துபோனேன் என்று தெரியவில்லை. உட்கார்ந்ததும் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்தாள். கத்தி தலையில் பட்டதும் தன்ஷிகா வீறிட்டு, நெளிந்து, என் கட்டைவிரலைக் கடித்தாள். என் கை நடுங்கியது. அது குடியில்லை, பயம். ஆனால் பார்க்கிறவர்களுக்கு நடுக்கம் நடுக்கம்தானே? பரிமளா குனிந்து என் கைமேல் அவள் கையை வைத்து அழுத்தினாள். "இறுக்கிப் புடிண்ணா. நீதான் புடிக்கணும்." பிடித்தேன். கீறல் இல்லாமல் மொட்டை இறங்கியது. ஆசாரி வலது காதில் குத்தும்போது குழந்தையைவிட நான்தான் அதிகமாக அழுதேனாம். "காது யாருக்குப்பா குத்தறது?" என்று ஆசாரி கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

சந்தனம் பூசிய மொட்டைத்தலையை என் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு அவள் அப்படியே தூங்கிவிட்டாள். வாங்கிக்கொள்ள வந்தவர்களிடம் நான் தரவில்லை. மூன்று பந்தி போய்விட்டது, நாலாவதில்தான் சாப்பிட்டேன்.