தூக்காத கைகள்

உம்முடைய ஆய்வேட்டின் இரண்டாம் பிரதி லண்டன் பரீட்சைக் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பெற்றுக்கொண்டோம் என்று அவர்கள் எழுதிய கடிதத்தை உம்முடைய மாணவன் கணபதி பதிவுத் தபாலில் எனக்கு அனுப்பியிருந்தான். நேற்று மத்தியானம் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். திகதி, கையொப்பம், முத்திரை எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆகையால் இதை உறுதியான செய்தி என்றே உமக்கு எழுதுகிறேன்.

கடிதத்தோடு உம்முடைய மூன்றாம் அத்தியாயத்தின் பழைய கார்பன் பிரதியும் வந்தது. விரித்ததும் அந்த மை வாசம். விரல் நுனியில் நீலம் ஒட்டிக்கொண்டது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் முழுதாகப் போகவில்லை. முன்புபோல ஒரு செய்தி கிடைத்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓட இப்போது உடம்பு இடம்கொடுப்பதில்லை. கதிரையில் இருந்தபடியே உம்மோடு கொஞ்சம் கதைக்கலாம் என்று தோன்றியது.

அந்த அத்தியாயம் நாம் இருவரும் பார்க்கப்போன கிராமச் சங்கத் தேர்தலைப் பற்றியது. நீர் அப்போது கொழும்புக்குப் போகவில்லை. இங்கேதான் கல்லூரி ஒன்றில் படிப்பித்துக்கொண்டிருந்தீர். பள்ளிக்கூட வளவில் மணியகாரர் மேசை போட்டு இருந்தார். அவர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட, விரும்புகிறவர்கள் கை உயர்த்தவேண்டும். ஊர் அதிகாரியான விதானை எண்ணிச் சொன்னதை நான் பத்திரிகைக்காகக் குறித்துக்கொண்டிருந்தேன். என் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு நீர் மெல்லக் கேட்டீர்:

“தூக்கின கையை விதானை எண்ணுறான். தூக்காத கையை ஆர் எண்ணுறது?”

வேலியோரம் நிலத்தில் குந்தியிருந்தவர்களை அதன் பிறகே பார்த்தேன். வாக்கு அவர்களுக்கும் இருந்தது. எந்தப் பெயருக்கும் அவர்களுடைய கை எழவில்லை. கூட்டம் கலைந்ததும் அவர்களில் ஒருவரிடம் போய் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று விசாரித்தீர். அவர் சால்வையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சிரித்தார்.

“கை தூக்கினால் நாளைக்கு ஆரின்ரை தோட்டத்துக்கு வேலைக்குப் போறது, நயினார்?”

சொன்னதை எழுதினேன். அவர் சிரித்ததையும் எழுதச் சொன்னீர். பத்திரிகைக்கு அது எதற்கு என்றேன். பத்திரிகைக்கு அல்ல, எனக்கு என்றீர். அன்று தொடங்கிய வழக்கம்தான். வலப்பக்கம் செய்திக்கு, இடப்பக்கம் உமக்கு. எத்தனையோ வருடம், எத்தனையோ கூட்டம், அப்படியே எழுதினேன்.

பிறகு நீர் கொழும்புப் பல்கலைக்கழகத்துக்கு அரசியல் படிப்பிக்கப் போனீர். துறை என்பது பெயருக்குத்தான். இரண்டு ஆசிரியர்கள், பொருளியல்காரரோடு பங்கிட்ட ஓர் அறை. ஆனாலும் விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பென்சிலால் எழுதிய ஒரு பட்டியல் உம்முடைய சட்டைப்பையில் இருக்கும். எந்த ஆசிரியரின் கட்டுரை எந்த ஆங்கிலச் சஞ்சிகையில் வந்தது, எந்த மாணவன் எந்த வகுப்பில் சித்தியடைந்தான், விவாதத்தில் யாருக்குப் பதக்கம். போர்க்காலத்தில் கூப்பனையும் அரிசியையும் பற்றியே எழுதி அலுத்துப்போயிருந்த எனக்கு அந்தப் பட்டியலைப் பிரதிபண்ணுவது ஓர் ஆறுதல். உம்முடைய பெயர் மட்டும் அதில் இராது. கேட்டால் ஒரே பதில்.

“என்ரை பட்டம் கப்பலிலை நிக்குது.”

கிராமத் தேர்தல்களைப் பற்றி எம்.ஏ.க்கு எழுதிய ஆய்வேட்டைப் போர் நடுவில் கப்பலேற்றிவிட்டீர். திருத்தங்களையெல்லாம் முதற்பிரதியிலேயே மையால் எழுதி அனுப்பினீர். கார்பன் பிரதி திருத்தப்படாமல் அலுமாரியில் கிடந்தது. நான் கண்டித்தபோது, இன்னொரு முறை எழுத நேரமில்லை என்றீர்.

அந்தக் காலத்தில்தான் நான் அந்தப் பிழையைச் செய்தேன். உம்முடைய மைத்துனர் கொழும்புக்குப் போய் வந்த கையோடு அச்சுக்கூடத்துக்கு வந்தார். துறையின் விளம்பரப் பலகையில் சித்தியடைந்தோர் பட்டியல் தொங்கியதாம். அதில் முதற்பெயர் உம்முடையதாம்.

“போடும் தம்பி. என்ரை கண்ணாலை பாத்தனான்.”

மாணவர் பட்டியலின் தலையில் படிப்பித்தவரின் பெயரைப் போடுவது அங்கே வழக்கம் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேளாமல் எழுதுவதில்லை என்பது என் விதியும்கூட. அன்று களைத்திருந்தேன், பக்கத்தில் இடமும் காலியாக இருந்தது. செய்தி நல்லதாக இருந்தபடியால் நம்பினேன். பட்டம் பெற்றார் என்று போட்டுவிட்டேன்.

சுன்னாகம் ஸ்டேசனில் மேளத்தோடும் மாலையோடும் உம்முடைய ஊர் புத்தூரிலிருந்து ஒரு கூட்டம் வந்து நின்றது. ஒன்றும் அறியாமல் இறங்கிய உம்முடைய கழுத்தில் மைத்துனர் மாலையைப் போட்டார். நீர் முதலில் அவரைப் பார்த்தீர், பிறகு என்னைப் பார்த்தீர். அந்தப் பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. கடைசிப் பெட்டியிலிருந்து தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு மாணவன் இறங்கி, கூட்டத்தைக் கண்டு ஒதுங்கிப் போனான். அவனைக் கூப்பிட்டீர்.

“கணபதி, இஞ்சை வா.”

மாலையைக் கழற்றி அவனுடைய கழுத்தில் போட்டீர்.

“மாலை கழுத்து மாறி வந்திட்டுது, மச்சான். முதல் வகுப்பிலை சித்தியடைஞ்சது இவன்.”

அவன் யாருடைய மகன் என்று அங்கே நின்றவர்கள் அனைவருக்கும் தெரியும். அன்று வேலியோரம் சிரித்த மனிதரின் மகன். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, உம்முடைய துறைவரை ஏறி வந்தவன். மேளம் நின்றது. மைத்துனர் திரும்பிக் கார்ப் பக்கம் போனார். கூட்டமும் அவர் பின்னால் போயிற்று. கணபதி மாலையைத் தொடாமல், கைகளை மார்போடு கட்டிக்கொண்டு நின்றான்.

பிழையை முன்பக்கத்திலேயே திருத்தும் என்று சொல்லிவிட்டு அந்த வருடப் பட்டியலை நீட்டினீர். முதல் வரி கணபதி. அன்று பின்னேரம் பத்திராதிபர் அதை வாசித்துவிட்டு, இந்த முறை இடமில்லை என்றார். இடம் இருந்தது. இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பட்டியல் வரவில்லை, உம்மைப் பற்றிய திருத்தம் மூன்றாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரியாக வந்தது. நீர் அதைப் பற்றி என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. பட்டியல் கொண்டுவருவதை மட்டும் நிறுத்திவிட்டீர்.

போர் முடிந்த பிறகு, அப்படி ஒரு பொதி வந்து சேரவேயில்லை என்று லண்டனிலிருந்து எழுதினார்கள். கார்பன் பிரதியை எடுத்து வைத்துத் திருத்தத் தொடங்கினீர். இரண்டு அத்தியாயம் முடிந்தது. அதற்குள் நெருப்புக்காய்ச்சல் வந்து உம்மைக் கொண்டுபோயிற்று.

உம்முடைய அந்தியேட்டிக் கிரியைக்குப் பிறகு கணபதி என் வீட்டுக்கு வந்தான். அப்போது அவனும் அதே துறையில் ஆசிரியன். உம்முடைய ஆய்வேட்டைத் தானே முடித்து லண்டனுக்கு அனுப்பப்போவதாகவும், விடுபட்ட திருத்தங்களுக்கு என் கொப்பிகள் வேண்டும் என்றும் சொன்னான். எடுத்துக் கொடுத்தேன். இடப்பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டி வந்தவன், அந்த வேலியோரச் சிரிப்பை எழுதியிருந்த இடத்தில் நின்றான்.

“இது எங்கடை அப்பு.”

“ஓம்” என்றேன். அதற்குமேல் என்னால் பேசாமலிருக்க முடியவில்லை. அந்த வருடப் பட்டியலில் அவனுடைய பெயர் வராமற்போனதற்கு நானும் ஒரு காரணம் என்று சொன்னேன். அவன் கொப்பியிலிருந்து தலை எடுக்கவில்லை.

“தெரியும் ஐயா. ஒரு கிழமையாய் பேப்பர் வாங்கிப் பாத்தனான்.”

நீர் எண்ணச் சொன்ன கைகளை இத்தனை வருடம் எண்ணினேன். அன்று அச்சுக்கூடத்தில் தூக்காதிருந்த என் கையை மட்டும் எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை. அவன் போனபின் ஒரு கொப்பியைத் திறந்து அதை இடப்பக்கத்தில் எழுதினேன். இப்போதும் கூட்டங்களுக்குப் போனால் முதலில் வேலியோரத்தைத்தான் பார்க்கிறேன். கண் மங்கிவிட்டபடியால் கிட்டப்போய் எண்ணவேண்டியிருக்கிறது.

இனி, முடியாமல் நிற்பவை. அந்தத் துறையின் இந்த வருடப் பட்டியலைக் கணபதியிடம் கேட்டு வாங்கி, அவனுடைய பழைய முதல் வகுப்பையும் சேர்த்து எழுதிப் புதிய பத்திராதிபரிடம் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை போடுவதாகச் சொன்னார். இடமில்லை என்றால், இருக்கும் இடத்தை விரலால் காட்டுவதற்கு நானே போய் நிற்பேன். இறந்தவர் ஒருவரின் ஆய்வேட்டைப் பரிசோதிக்கலாமா என்பதை லண்டனில் பங்குனியில் கூடித் தீர்மானிப்பார்களாம். கப்பல் தபாலில் பதில் வரச் சித்திரைக் கடைசியாகும். உம்முடைய மைத்துனர் இப்போதே இரண்டு முறை ஆள் அனுப்பி விசாரித்துவிட்டார். கடிதத்தை என் கண்ணால் காணும்வரை ஒரு வரியும் எழுதமாட்டேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.