இறுதிப்போட்டிக்கு ஆள் மாற்று கிடையாது

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அம்மாவின் அணி ரொம்பவே சௌக்கியம், அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போன் திரையில் உன் பெயர் வந்தாலே அம்மாவுக்கு மிக்ஸி போடும் வேலை வந்துவிடுகிறது. அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் அது ஓடுகிறது. அதோடு, நம் பகடைக் கால்பந்து லீக்கின் போட்டி அறிக்கை காகிதத்தில்தான் வர வேண்டும் என்று நீ சின்ன வயதில் போட்ட சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மஞ்சள் காமாலையில் படுத்துக்கொண்டு ஊரையே அதட்டிய தலைவி நீ. உன்னைக் கட்டிலில் பிடித்து வைக்க அம்மா தான் வேலை பார்க்கும் பெயிண்ட் கடையிலிருந்து நிற மாதிரிகள் ஒட்டிய பழைய ஷேட் கார்டுகளைக் கொண்டுவந்தாள். நீ அவற்றை வெட்டி வெட்டி ஜெர்சி ஒட்டினாய். ஜெர்சி வந்ததும் ஆட்டக்காரர்கள் வேண்டும் என்றாய், ஆட்டக்காரர்கள் வந்ததும் பகடை வேண்டும் என்றாய். காமாலை போய்விட்டது, லீக் போகவில்லை. இல்லாத மைதானத்தில் இல்லாத ஆட்களை ஓடவிட்டு இத்தனை வருடம் ஒரு குடும்பம் மல்லுக்கட்டுகிறது என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நான் வெளியே சொல்வதில்லை.

இனி அறிக்கை. முதல் அரையிறுதியில் என் இரும்புக்கயிறு அணியும் உன் ஊதா மின்னலும் மோதின. நீ அனுப்பிய ஆட்டக்காரர் வரிசைப்படியே, உனக்காகவும் நானே உருட்டினேன். இரட்டை விழுந்தால் கோல் என்பது எவ்வளவு எளிய விதி. ஆனால் எனக்காக உருட்டும்போது மட்டும் இரண்டு பகடையும் சண்டை போட்ட சம்பந்திகள் மாதிரி ஆளுக்கொரு முகம் காட்டின. என் கையாலேயே என் அணியைத் தோற்கடித்தேன். உன் சுருட்டை ஒரு கோல், உன் நொண்டிப்புலி ஒரு கோல். நான் பூஜ்யம்.

அப்போது அம்மா அதே அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது இரட்டை விழுந்ததும் திரும்பாமலேயே “எவன் அடிச்சான்?” என்று கேட்டாள். “உன் மகளோட ஆள்தான்” என்றேன். “ஊதா டீம்ல எவன்னு கேட்டேன்” என்றாள். நொண்டிப்புலி என்றதும் ஒரு போர்வையை இரண்டு தடவை மடித்தாள். உன் அணிக்கு இந்த வீட்டில் இப்போது அதுதான் பெயர், ஊதா டீம்.

மற்ற அரையிறுதியில் அம்மாவின் இரண்டாம் பூச்சு, மாடிவீட்டு டீச்சரின் கரும்பலகையைப் பந்தாடிவிட்டது. எல்லா கோலும் வழக்கம்போல அவளுடைய ஆட்டக்காரன் பம்பரம் கணக்கில். பாவம், மற்றவர்கள் எதற்குத்தான் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருகிறார்களோ. உன் மாமாவின் கத்தரி அணி இந்த வருடமும் கடைசி. சலூனில் வேலை அதிகம், பயிற்சிக்கு நேரமில்லை என்று காரணம் சொன்னார்.

ஆக, இறுதிப்போட்டி உனக்கும் அம்மாவுக்கும். இத்தனை சீசனில் அவள் இறுதிக்கு வருவது இதுதான் முதல் தடவை. பழைய லிஃப்டின் பித்தளைப் பொத்தான் பலகையில் நான் செய்த கோப்பையை ஃபிரிட்ஜ் மேலிருந்து இறக்கி, தேய்த்து, மறுபடியும் ஏற்றி வைத்திருக்கிறாள். அவள் எதையாவது இப்படி ஆசைப்பட்டு நான் பார்த்து நாளாயிற்று.

என் வேலை எப்போதும்போலத்தான். துணிக்கடை லிஃப்ட் வாரம் ஒருமுறை நடுவழியில் நிற்கிறது. லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பதில் உள்ள வேடிக்கை, வேலைக்குப் போகும்போதெல்லாம் படியில்தான் ஏற வேண்டும். முழங்கால் முனகுகிறது. தைலம் இருக்கிறது, கவலைப்படாதே.

உன் கல்யாணப் படங்களை நான் மேசைமேல் வைத்தேன். அம்மா அவற்றை எடுத்துப் பார்க்கவில்லை, எடுத்து உள்ளே வைக்கவும் இல்லை. சுற்றித்தான் துடைக்கிறாள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் எங்களுக்குப் போன் செய்தாயே, எனக்கும் அது வருத்தம்தான். எனக்கு வருத்தம் ரொம்ப நாள் தங்காது. அவளுக்குத் தங்கும். மாப்பிள்ளை மேல் அவளுக்கு ஒன்றும் கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. அவரை யாரென்றே தெரியாதே, எப்படிக் கோபப்படுவாள்?

இறுதிப்போட்டிக்கு உன் வரிசையை எழுதி அனுப்பு. வழக்கம்போல உனக்காக நானே உருட்டுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்பு அப்பா



அன்புள்ள வாலுக்கு,

உன் பதில் வந்தது. மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று படித்து நிம்மதி. அவரைக் கொஞ்ச நாள் வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்.

“கோப்பையை அம்மாவே வைத்துக்கொள்ளட்டும், நான் விளையாடாமலே வாக்ஓவர் கொடுத்துவிடுகிறேன், அவள் சந்தோஷமாக இருந்தால் போதும்” என்று எழுதியிருந்தாய். படித்ததும் என் மகளுக்கு எவ்வளவு பெரிய மனது என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு சும்மா இருந்திருக்கலாம். சாப்பாட்டு மேசையில் மாமாவையும் டீச்சரையும் வைத்துக்கொண்டு அதைச் சத்தமாகப் படித்துத் தொலைத்தேன்.

மாமா கைதட்டப் போனார். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையைப் பாதியில் நிறுத்தி, தலையைத் தடவிக்கொண்டார். அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள். அப்புறம் மெதுவாகத்தான் சொன்னாள். “கல்யாணத்தையும் அங்கேயே முடிச்சிட்டுச் சொன்னா. இப்ப தோத்ததையும் அங்கேயே முடிச்சிட்டுச் சொல்றா. நமக்கு எல்லாமே முடிஞ்ச பிறகு வர்ற தகவல்தான்.” எழுந்து போய்க் கை கழுவினாள். குழாய் வெகுநேரம் ஓடியது. டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒன்றாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

தப்பை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம், வாலு. விட்டுக்கொடுத்தால் அவள் மனம் குளிரும் என்று நீ நினைத்தாய், நானும் நினைத்தேன். அவள் ஜெயிக்கத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் எதிரே ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும், அப்படி ஜெயிக்க வேண்டும். பெற்ற மகளிடமிருந்து தபாலில் வந்த வெற்றியை அவள் என்ன செய்வாள்?

எனக்கு இதெல்லாம் உடனே புரிந்துவிட்டது என்று நினைக்காதே. நான் சமாதானம் பேசப் போனேன். இரண்டு பேருக்கும் கோப்பை என்று அறிவித்துவிடலாமே என்றேன். “லீக் நடத்துறீங்களா, கூட்டுறவு சங்கம் நடத்துறீங்களா?” என்றாள். வீடியோ கால் போட்டு நீ அங்கிருந்தே உருட்டலாம் என்றேன். “கேமரா அவ கையில, பகடை அவ கையில, நான் எதை நம்புறது?” என்றாள். உன்னை நம்பாமல் இல்லை, அவளுக்கு ஒரு சாக்கு வேண்டும். கடைசியில், வழக்கம்போல நானே உனக்காக உருட்டுகிறேன், இன்றைக்கே முடித்துவிடலாம் என்று பகடையை எடுத்தேன். கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டாள்.

அப்போதுதான் அந்தச் சட்டத்தை எடுத்துப் போட்டாள். எனக்கு அது சுத்தமாக மறந்துபோயிருந்தது. ஒரு சீசனில் நீ பள்ளிச் சுற்றுலா போயிருந்தாய், இறுதிப்போட்டியில் உனக்காக அம்மா உருட்டி, மாமாவிடம் தோற்றுவிட்டாள். கத்தரி அணி வாங்கிய ஒரே கோப்பை அது. திரும்பி வந்து நீ வீட்டை இரண்டாக்கினாய். இறுதிப்போட்டிக்கு ஆள் மாற்று கிடையாது, அவரவர் அணிக்கு அவரவரே மேசையில் உட்கார்ந்து உருட்ட வேண்டும் என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினாய். அம்மா அதைச் சொல்லிவிட்டு, “சட்டம் போட்டவ வந்து உருட்டட்டும்” என்றாள்.

“அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு ஆட்டத்துக்காக எப்படி வருவா, வந்தாலும் நீதான் அவளோட பேசறதில்லையே” என்று அம்மாவிடம் கேட்டேன். “பேசறதுக்கா கூப்பிடுறேன்? ஆட்டத்துக்குத்தானே கூப்பிடுறேன்” என்றாள்.

இதை மாமாவின் சலூனில் முடிவெட்டிக்கொள்ளும்போது புலம்பினேன். பெண்பிள்ளைகள் பிடிவாதம், விதி விதி என்று உயிரை வாங்குகிறாள் என்றெல்லாம் சொன்னேன். அவர் கத்தியை நிறுத்திவிட்டு, “மச்சான், அக்கா உங்ககிட்ட பகடையைப் பத்தியா பேசிட்டு இருக்கு?” என்று கேட்டார். “கூப்பிடணும்னு மனசு கிடந்து அடிச்சிக்குது, வாய் வரமாட்டேங்குது. விதி இருக்கேன்னு பிடிச்சிக்கிச்சு. இதுகூடத் தெரியாம என்ன குடித்தனம் நடத்துறீங்க” என்றார். கழுத்தில் கத்தி இருந்ததால் கண்ணை மட்டும் மூடிக்கொண்டேன்.

இன்னும் ஒன்று. கீழ்வீட்டுக்காரர் வீடு மாறிப்போனதிலிருந்து லீக்கில் ஐந்து அணிதானே. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அணி சும்மா உட்கார வேண்டியிருக்கிறது, அட்டவணை போடுவதற்குள் எனக்குத் தலை சுற்றுகிறது. சனிக்கிழமை அம்மா கடையிலிருந்து புது ஷேட் கார்டு கொண்டுவந்தாள். மேசையில் உட்கார்ந்து முதலில் வெள்ளை அட்டையில் ஒரு ஜெர்சி வெட்டினாள். காலர், கை, முதுகில் எண் எழுதக் கட்டம், எல்லாம் கச்சிதம். என்ன இது என்றேன். “ஆறாவது டீம். ஆறு இருந்தாத்தான் அட்டவணை சரியா வரும்” என்றாள். யாருடையது என்றேன். பசை மூடியைத் திருகிக்கொண்டே, “குடும்பத்துல எத்தனை பேர்னு உங்களுக்கு எண்ணத் தெரியாதா?” என்றாள்.

அந்த ஜெர்சி இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. நிறம் ஒட்டவில்லை. உன் அம்மா யாரையாவது நிறம் கேட்டிருக்கிறாளா? நான் நீலம் கேட்டு அவள் எனக்குச் சாம்பல் கொடுத்தாள், “உங்க முகத்துக்கு நீலம் எடுக்காது” என்று. கடைக்கு வருபவர்களையே சுவருக்கு என்ன பூச வேண்டும் என்று அதட்டுகிறவள். அவள் ஒருவருக்காக நிறத்தை விட்டுவைத்திருக்கிறாள்.

நான் வற்புறுத்தவில்லை. உனக்கு வேலை இருக்கும், மாப்பிள்ளைக்கும் இருக்கும், டிக்கெட் கிடைக்க வேண்டும். அம்மா முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயமும் இருக்கும். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் அவளுக்கும் அதே பயம்தான். வாசலில் நின்று என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டாம். வந்தவுடன் நேரே மேசைக்குப் போய் உட்கார். பகடையைக் கையில் எடு. மீதியை ஆட்டம் பார்த்துக்கொள்ளும். ஆட்டத்தின் நடுவில் அவள் அழுதாலும் நீ உருட்டுவதை நிறுத்தாதே, அவளுக்குப் பிடிக்காது.

எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. இதை எழுத இரண்டு கடிதம் ஆயிற்று.

நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அம்மா ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்து, இதையும் சேர்த்து வைத்து ஒட்டுங்கள், லீக் விஷயம் என்று சொல்லிவிட்டுப் போனாள். மடித்திருந்தது. படிக்க வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, அதனால் படித்துவிட்டேன். அப்படியே இணைத்திருக்கிறேன்.

நீங்கள் இரண்டு பேரும் நூறு வயது வாழ வேண்டும்.

உன் அன்பு அப்பா



ஊதா மின்னல் அணியின் உரிமையாளருக்கு,

இறுதிப்போட்டி தொடர்பாக எழுதுவது.

தங்கள் வாக்ஓவர் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. ஆட்டம் நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடைபெறும். தேதியைத் தாங்களே முடிவு செய்யலாம். விடுப்பு கிடைக்காவிட்டால் ஆட்டம் தள்ளிவைக்கப்படும். மறுபடியும் கிடைக்காவிட்டால் மறுபடியும் தள்ளிவைக்கப்படும். ரத்து செய்யப்பட மாட்டாது.

ஆறாவது அணியின் உரிமையாளரையும் உடன் அழைத்து வரவும். அவருக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை. ஷேட் கார்டு மேசைமேல் இருக்கிறது. அவரே பார்த்து எடுத்துக்கொள்ளலாம். சாம்பல் மட்டும் ஏற்கனவே போய்விட்டது.

ஆட்டத்தில் தங்களுக்கு எந்தச் சலுகையும் கிடையாது. ஜெயிக்கத்தான் விளையாடுவேன்.

வண்டியில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்காதே. உனக்குக் காற்று ஆகாது. அவருக்கும் இப்போதுதான் காய்ச்சல் விட்டிருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டாம் பூச்சு அணியின் உரிமையாளர்